தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரும் எம் பாட்டனாரும்

2013ஆம் ஆண்டில் என் பாட்டனார் மறைந்த அன்று பிற்பகல், அஞ்சலிச் சுவரொட்டி அச்சிடும் பொருட்டு நானும் என் சிற்றப்பாவும் ஓர் அச்சகத்திற்குச் சென்றிருந்தோம். திருப்பூரில் ஒருவர் இறந்தால் பனியன் கம்பெனிச் சுவரிலும் மின்கம்பத்திலும் தேநீர்க் கடை மூலையிலும் அவருடைய படத்தோடு ‘கண்ணீர் அஞ்சலி’ ஒட்டப்பெறுவது வழக்கம் என்பதை இம்மலரைப் படிப்போர் அனைவரும் அறிவர். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, அருமைத் தாத்தா என்னும் சொற்கள் அச்சகத்தாரிடம் ஆயத்தமாகவே இருந்தன. பெயரையும் வயதையும் குறித்துக்கொண்ட அவர், தலையை நிமிர்த்தாமலே, “ஊர் எதுன்னு போடறதுங்க?” என்று கேட்டார்.

சிற்றப்பா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. “வீட்ல கேட்டுட்டு வர்றமுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

காரணம் இதுதான். பாட்டனார் முப்பத்தோராண்டுகள் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். அவ்வளவு காலமும், எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன விடை “பல்லடம் பக்கம்” என்பது ஒன்றே. பல்லடம் பக்கம் நூறு ஊர்கள் உள்ளன. எந்த ஊர் என்று சொன்னால் ஊருக்குள்ளா வெளியிலா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் விடை சொன்னால், பிறகு கேட்பதற்கு ஒன்றும் இராது. ஊரின் பெயரோடு எங்கள் வளவின் பெயரும் சுவரில் ஏறினால் அவர் முப்பத்தோராண்டுகள் காத்துவந்தது ஒரே நாளில் வெளிப்பட்டுவிடும். மறைத்தால் செத்த பின்னும் அவர் பல்லடம் பக்கத்துக்காரராகவே இருந்துவிடுவார்.

வெள்ளி விழா மலருக்கு நம் மக்களின் கல்வி வரலாறு பற்றி எழுதுமாறு செயற்குழுவினர் பணித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அச்சகத்தில் கேட்ட அக்கேள்வியே. அக்கேள்விக்கு முன்னால் முதன்முதலில் வாயடைத்து நின்றவர்கள் நாங்கள் அல்லர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரில் ஒரு மாணவர் அதே கேள்விக்கு அஞ்சி நாள்தோறும் ஒளிந்து நடந்தார். பின்னாளில் நாடே அவரைத் தாத்தா என்று அழைத்தது. அவரே இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்தக் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. அவ்வாறு வந்தவருக்குக் கோவையில் கல்வி கிட்டியது. அந்நாளில் அக்கல்விச்சாலையில் பயின்ற மாணவர் ஏறக்குறைய 400 பேர் என்றும், அவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர் என்றும் அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்துள்ளார். ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் அந்நூல் 1939இல் வெளிவந்தது. மிகச் சிறிய நூல். எண்பது வயதில் ஒருவர் தம் வாழ்வை எழுதப் புகுந்தால் பதவிகளையும் பட்டங்களையும் முன்னே வைப்பது உலக இயல்பு. இவரோ பள்ளி மணியைப் பற்றி எழுதுகிறார்.

பிற மாணவரோடு பழகினால் குலமும் குடும்பமும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடும். தெரிந்தால் தாழ்வாக நடத்துவர் என்னும் அச்சம் அவருக்கு. ஆகவே காலையில் பள்ளிக்குள் நுழையாமல் வெளியே எங்கேனும் ஓரிடத்தில் நின்று படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். மாலையில் வகுப்புக் கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு சேர்வார். கூடி விளையாட இயலாத கொடுமையை எண்ணி எண்ணி மனம் கலங்கினார். தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதை அவர் எழுதவில்லை. விளையாட முடியாமற் போனதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மறவாமல் எழுதியிருக்கிறார். அந்நூலில் வேறு எதையும் படிக்க நேரமில்லாத இளைஞர்கள் இப்பகுதியையாவது படித்தல் வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் அதை முதன்முதலில் படித்த அன்று, என் பாட்டியாரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எழுத்தறியாத அவர் கேட்டுவிட்டு, “உங்க அப்பாரும் அப்படித்தான், சங்கு ஊதினாத்தான் உள்ள போவாரு” என்றார். எனக்கு அதுவரை தெரியாத செய்தி அது. பாட்டனார் விடியற்காலையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். கம்பெனிக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் எல்லாரும் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பர். அந்தக் கூட்டத்தைத் தவிர்த்து, நொய்யல் ஆற்றுப் பாலத்தருகே தனியே பீடி புகைத்துக்கொண்டு நிற்பார். வேலைச் சங்கு ஊதியதும் விறுவிறுவென்று நடந்து உள்ளே நுழைந்துவிடுவார். கோவைக் கல்விச்சாலையின் மணியும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் சங்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன!

இரட்டைமலை சீனிவாசனார் என்னும் பெயரை என் பாட்டனார் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் முப்பாட்டனார் காலத்தில், தோட்டத்துக் கிணறுகளில் கவலை இறைப்பதற்கான தோற்பைகளைத் தைப்பதே எங்கள் குலத்தொழிலாக இருந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. அதன்பின் சிறிது சிறிதாகக் கிணறுதோறும் மோட்டார் ஏற, கவலையும் போயிற்று. தோல் தைக்கும் கைகளுக்கு வேலையும் போயிற்று. பண்ணையாள் வேலையில் சில காலம் கிடந்துவிட்டு, பாட்டனார் திருப்பூருக்கு நடந்தார். முதலில் ஜின்னிங் பேக்டரியில் பருத்தி மூட்டை சுமந்தார்; பிறகு பனியன் கம்பெனி. தோட்டத்து வாசலில் கைகட்டி நின்றவருக்கு, இயந்திரத்தின் முன் எல்லாரோடும் சமமாக நிற்பது பெரிய விடுதலையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். அந்த விடுதலை பறிபோகக் கூடாதென்றே ஊரின் பெயரை விழுங்கினார் என்று எண்ணுகிறேன். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சீனிவாசனாரும் உடனே துணிந்துவிடவில்லை. கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் பத்தாண்டுக் காலம் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். நிலையான ஊதியமும் குளிர்ந்த மலைவாழ்வும் வாய்த்தபின் பெரும்பாலோர் அங்கேயே அமர்ந்துவிடுவர். மணமாகி மூன்றாண்டுகளில், 1890இல், அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மக்களின் உரிமைக்கென மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். நான்கே பக்கம், விலை இரண்டணா, முதல் இதழுக்கான செலவு ஏறக்குறைய பத்து ரூபாய். பத்திரிகையின் பெயர் ‘பறையன்’.

இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்தச் சொல் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி மணி அடிக்கும் வரையில் பள்ளிக்கு வெளியே நின்றாரோ, அந்தச் சொல்லையே எடுத்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சென்னைத் தெருக்களில் விற்கச் செய்தார். இரண்டு நாட்களுக்குள் 400 படிகள் விற்றன என்று எழுதுகிறார். எத்தனை மாணவரிடமிருந்து ஒளிந்தாரோ அத்தனை படிகள்! கணக்கராக இருந்தவர் ஆதலின் இரு எண்ணிக்கையையும் எழுதிவைத்தார். அவற்றின் ஒற்றுமையை அவர் எங்கும் சுட்டவில்லை. மூன்று திங்களில் இதழ் வார இதழாயிற்று. 1896இல் இதழின்மீது வழக்கு ஒன்று தொடரப்பட்டு நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டபோது, அதனைச் செலுத்தியவர்கள் மக்களே. தம்மை மறைத்துக்கொள்ளாமல் ‘நான்தான்’ என்று முன்வந்து நில்லாத வரையில் எவரும் உரிமை பெறமுடியாது என்பதே பத்திரிகைக்கு அப்பெயர் இட்டதற்கு அவர் கூறும் காரணம்.

இவ்விடத்தில் ஒரு குடும்பச் செய்தியும் உண்டு. பேரறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் மணந்துகொண்ட தனலட்சுமி அம்மையார், சீனிவாசனாரின் உடன்பிறந்தவர். மைத்துனர் இருவரும் ஒரே மக்களுக்காக உழைத்தனர். பெயரில் மட்டும் ஒத்துப்போகவில்லை. பிறர் இட்ட இழிபெயரை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்பது பண்டிதர் கொள்கை. சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் பழம்பெயர் தேடினார். 1907இல் அவர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் தாங்கியது. பின்னர்த் ‘தமிழன்’ ஆயிற்று. இழித்த பெயரை உதறு என்றார் ஒருவர். அதையே உயர்த்திப் பிடி என்றார் மற்றவர். எவர் சொன்னது சரி என்று இன்றும் நம் கூட்டங்களில் வழக்காடுகிறோம். ஒளிந்துகொள் என்று மட்டும் இருவரும் சொல்லவில்லை. 1914இல் பண்டிதர் காலமானபோது சீனிவாசனார் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் இருந்தார்.

1893 திசம்பரில் அவர் செய்த ஒரு செயல் இன்றும் வாதத்துக்குரியது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசார் கேட்டனர். சீனிவாசனார் அதனை எதிர்த்துச் சென்னையில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். நாட்டுக்கு எதிரானவர் என்ற பழிச்சொல் இதனால் வந்தது. கோவையில் 400 பேருள் பத்துப் பேர் என்னும் கணக்கைக் கண்ணால் கண்டவர் அவர். தேர்வு இங்கேயே நடந்தால் அதிகாரம் எவர் கைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கண்ட மருந்து சரியா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. நோயை அவர் தவறாகக் கணிக்கவில்லை. எழுத்தறிந்தோர் மிகச் சிலராக இருந்த காலத்தில் 3412 பேர் தம் பெயரைத் தாளில் இடத் துணிந்தனரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1900இல் இங்கிலாந்துக்கென்று புறப்பட்டவர் வழியில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்பித்தவர் இவரே என்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானபோது அவருக்கு வயது அறுபத்து நான்கு. பிறர் ஓய்வெடுக்கும் பருவத்தில் அவருடைய பெரும்பணி தொடங்கிற்று.

1924இல் அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம்; பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் அணுகலாம்; இதற்குத் தடையில்லை என்பது. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம்! அவ்வாண்டில்தான் மலையாள நாட்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, ஈ.வெ.ரா. பெரியார் சிறை சென்றார். சென்னையில் தீர்மானம் நிறைவேறி 1924 செப்டம்பரில் அரசாணையாக வெளிவந்தது. நம் கோவைப் பகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற ஆர். வீரய்யன் அவர்களும் அதே ஆண்டுகளில் தெருவுரிமைக்காக அம்மன்றத்தில் வாதாடியவர். நம்மவர் பலர் அவர் பெயரை மறந்தே போயினர். அருந்ததியர் தலைவர் எல். சி. குருசாமி அவர்களும் அம்மன்றத்தில் இருந்தவரே. நம் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். பறையர், அருந்ததியர் என்று இன்று தனித்தனியே கொடி பிடிப்போர் இம்மூவரும் ஒரே அவையில் ஒரே கோரிக்கைக்காக எழுந்து நின்றதை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆணை கோட்டையிலிருந்து கிளம்பிற்று. எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அரசாணை வந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னும், பாட்டனார் தம் இளமையில், ஊர்த்தெருவின் முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். மிதிவண்டி வாங்கிய பின் தெரு முடியும் வரையில் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அத்தெருவில் அவர் ஒரு முறையேனும் ஏறி மிதித்ததுண்டா என்று பாட்டியாரிடம் கேட்டேன். “ராத்திரில ஒருக்கா” என்றார்.

1930இல் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியபோது தாழ்த்தப்பட்ட மக்களின் பேராளர்களாகச் சென்றவர் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர், வயது முப்பத்தொன்பது. மற்றவர் சீனிவாசனார், வயது எழுபத்தொன்று. பறையன் இதழ் வெளிவந்தபோது அண்ணல் இரண்டு வயதுக் குழந்தை. தாத்தா என்னும் முறைப்பெயர் அவருக்கு ஏன் பொருந்திற்று என்பது இதனால் விளங்கும். தாழ்த்தப்பட்டோருக்கான அரசியல் பாதுகாப்புத் திட்டத்தை இருவரும் சேர்ந்தே மாநாட்டின் முன் வைத்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டாராம். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தால், அவன் தீண்டத்தகாதவன் என்று தெரிந்ததும் மேல்சாதியான் தூக்கமாட்டான் என்று இவர் விடை கூற, மன்னர் திடுக்கிட்டார் என்பர். எத்தனையோ சட்டநூல் விளக்கங்கள் உள்ளன. இதைவிடச் சுருக்கமான ஒன்றை நான் படித்ததில்லை.

1932 என்றதும் திருப்பூர் இளைஞர்களுக்குக் கொடி காத்த குமரன் நினைவுக்கு வருவான். அவ்வாண்டு சனவரி 11இல் அவன் உயிர் நீத்தான். அதே ஆண்டு செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆகஸ்டில் வழங்கப்பட்ட தனித்தொகுதி உரிமை காந்தியடிகளின் உண்ணாவிரதத்தால் கைவிடப்பட்டு, அதற்கீடாகத் தனித்தொகுதியில் கிடைக்கவிருந்த 71 இடங்களுக்குப் பதில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. அதில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனாரும் ஒருவர். காந்தியடிகளுக்குத் தமிழ்க் கையெழுத்துக் கற்பித்ததாகச் சொல்லப்படுபவர், அவருடைய உயிரைக் காக்கும் தாளில் தாமும் கையெழுத்திட நேர்ந்தது. இடங்கள் கூடின; தம் பேராளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. அது பெற்றதா இழந்ததா என்பதில் நம் சங்கத்துப் பெரியவர்களே இரு பக்கமாக நிற்பதை ஆண்டு விழாக்களில் கண்டிருக்கிறேன்.

அரசாங்கம் அவருக்கு 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் எனப் பட்டங்கள் வழங்கிற்று. இன்று அப்பட்டங்களைத் தபால் தலையில்தான் காணமுடிகிறது. 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தலை வெளியிட்டது. மக்கள் வழங்கியது தாத்தா என்னும் ஒரு சொல். எங்கள் பக்கத்தில் அப்பாவின் தந்தையை அப்பாரு என்போம். தாத்தா என்பது பள்ளிப் புத்தகத்தில் வந்த சொல்லாகவே சிறுவயதில் எனக்குத் தோன்றும். ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் தன் தலைவருக்கு அரசன் என்றோ வேந்தன் என்றோ பெயரிடாமல் உறவுமுறை வைத்து அழைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. தந்தையைக்கூடச் சிலர் அறியாமல் வளர்ந்த, பாட்டன் பெயருக்கு மேல் சொல்லத் தெரியாத குடும்பங்கள் நம்முடையவை. நிலப்பத்திரமும் குலவரிசையும் ஏடும் கல்வெட்டும் பிறருக்கு உண்டு. நமக்கு நினைவில் ஒரு பாட்டன் தேவைப்பட்டார்.

1945 செப்டம்பர் 18இல் தம் எண்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். சென்னை ஓட்டேரியில் அவருடைய நினைவிடம் உள்ளது. சென்னை செல்லும் நம் மாணவர்கள் கடற்கரைக்குச் சென்று திரும்புவது வழக்கம். ஒரு முறை ஓட்டேரிக்கும் சென்று வரலாம்.

இனி அச்சகத்துக் கதைக்கு வருகிறேன். நாங்கள் வீடு திரும்பியபோது பாட்டனாரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். திண்ணையில் தந்தையார், சிற்றப்பாமார், அத்தைமார் கூடினர். பல்லடம் என்று மட்டும் போட்டால் போதும் என்றார் ஒருவர். பெயரன் ஒருவன் ஏற்றுமதிக் கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். வாடகை வீட்டுக்காரருக்கு அவன் எதுவும் சொல்லியதில்லை. சுவரொட்டி அவன் தெருவிலும் ஒட்டப்படும் என்றார் மற்றொருவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. திருப்பூரில் வீடு பார்க்கச் செல்லும் நம் பிள்ளைகளிடம் சாதியை யாரும் நேரே கேட்பதில்லை. எந்த ஊர், எந்த வீதி, எந்தக் கோயிலுக்கு வரி என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். விடை தெரிந்ததும் வீடு காலியில்லை என்பார்கள். இம்மலரைப் படிக்கும் இளைஞர்களுள் இதனைக் கடந்து வராதவர் சிலரே இருப்பர்.

பாட்டியார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதாண்டுகள் அவரோடு வாழ்ந்தவர். அந்த அறுபதாண்டில் கம்பெனி ஆட்கள் ஒருவரும் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. பாட்டனார் யாரையும் அழைத்ததில்லை. அழைத்தால் வளவுக்கு வரவேண்டுமே. மூன்று பிள்ளைகளின் திருமணத்துக்கும் கம்பெனிக்கு ஓர் அழைப்பிதழ்கூடப் போகவில்லை. கணவர் யாரோடு வேலை பார்க்கிறார், யாரோடு சிரிக்கிறார், யார் அவருக்கு நண்பர் என்பது எதுவும் பாட்டியாருக்குத் தெரியாது. தீபாவளிக்கு போனஸ் வாங்கி வரும் நாளில் அவர் பேச்சில் வந்து போகும் சில பெயர்கள் மட்டுமே தெரியும். தூக்குப்போசி மறந்து போன நாட்களில்கூடச் சோற்றைக் கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோக அவருக்கு அனுமதியில்லை. ஊரையும் உறவையும் ஒளித்தவரின் மனைவி, அவரோடு சேர்ந்து தானும் ஒளிந்திருந்தார். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் குறை கூறியதில்லை. அன்பான மனிதர் என்பார், பிள்ளைகளை அடித்ததில்லை என்பார், வாரக்கூலியை அப்படியே கையில் கொடுப்பார் என்பார். சங்கத்தின் விடுதியில் என் தந்தையைச் சேர்க்க, தம் ஒரே வெள்ளி அரைஞாணை விற்று முதல் கட்டணம் கட்டியவர் என் பாட்டனார் என்பதையும் பாட்டியார்தாம் சொன்னார்.

அவர் வெளியே வந்து, “ஊரும் போடு, வளவும் போடு. இப்பவாச்சும் வரட்டும்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தந்தையார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தாமே அச்சகத்துக்குச் சென்றார். இரவு எட்டு மணிக்குச் சுவரொட்டிகள் வந்தன. பாட்டனார் வேலை பார்த்த கம்பெனி மூடிப் பல ஆண்டுகளாகியிருந்தது. அந்தச் சுவரிலும் நொய்யல் பாலத்திலும் நானே ஒட்டினேன். பெயர், வயது, ஊர், அதன் கீழே வளவின் பெயர். பசை காயும் முன்னரே ஒருவர் நின்று படித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கம்பெனி ஆட்கள் நால்வர் வந்தனர்; எல்லாரும் கிழவர். ஒருவர் வளவின் முகப்பிலேயே நின்று, மாலையை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பினார். மூவர் உள்ளே வந்தனர். அவருள் மூத்தவர் பாட்டனாரின் காலடியில் நெடுநேரம் நின்று, “இருவது வருசம் பக்கத்து மிசின்ல நின்னமுங்க. ஒரு வார்த்த சொல்லலீங்களே” என்று அழுதார். பாட்டியார் அவர் பெயரைக் கேட்டார். போனஸ் நாட்களில் பாட்டனார் சொல்லும் பெயர்களுள் ஒன்று அது. பாட்டியார் எழுந்து சென்று, செம்பில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். அவர் இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார்.